காரா, விமானமா? முதலில் ஓட்டுகிறவரின் தூக்கத்தைக் கேளுங்கள்

பள்ளியில் பரீட்சை அட்டவணை கொடுத்த அன்றே, வீட்டில் இன்னோர் அட்டவணையும் தயாராகத் தொடங்கிவிடும். "இந்த லீவுக்கு எங்கே?" என்பதில் ஆரம்பிக்கும். "எப்படிப் போகிறோம்?" என்பதில் சண்டையாகும். பிள்ளைகள் ஒரே குரலில் "ஃப்ளைட்" என்பார்கள். அப்பா வாயைத் திறக்கமாட்டார், மனசுக்குள் பெட்ரோல் கணக்கு ஓடும். அம்மாவுக்கு எத்தனை பெட்டி, யார் தூக்குவது என்ற கவலை. மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆயா மட்டும், "எதுல வேணா போங்க, வழியில பாத்ரூம் இருக்கான்னு பாத்துட்டுப் போங்க" என்பார். அத்தனை பேரில் அனுபவம் பேசுவது அங்கேதான்!

சென்னைக்காரர்களுக்கும் கோவைக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி சுலபம். ஒரு ஆட்டோவோ மெட்ரோவோ பிடித்தால் விமான நிலையம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கம் இருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. 2019 நவம்பர் 26-ம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. விமானம் ஏற மட்டும் இன்றும் வெளியூர்தான் போக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஏறக்குறைய 105 கிலோமீட்டர். புதுச்சேரி 115 வரும். திருச்சி 130-ஐத் தொடும். சென்னை மீனம்பாக்கம் 235 கிலோமீட்டர் அளவில். ஆக, நம் ஊரிலிருந்து விமானத்தில் போகிறோம் என்றால், முதலில் காரில் போகிறோம் என்றுதான் அர்த்தம். "காரா, விமானமா?" என்பது மற்ற ஊர்க்காரர்களின் கேள்வி. நம்முடையது, "கார் மட்டுமா, காரும் விமானமுமா?" என்பது.

இப்படி மாற்றிக் கேட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் வேறு, வீட்டுக் கடிகாரம் வேறு

விமான டிக்கெட்டில் "1 மணி 10 நிமிடம்" என்று போட்டிருக்கும். அது விமானத்தின் நேரம். நம் நேரம் வீட்டைப் பூட்டும்போது ஆரம்பித்து, ஹோட்டல் அறைக் கதவைத் திறக்கும்போதுதான் முடியும்.

சேலத்திலிருந்து கொச்சி போவதாக வைத்துக்கொள்வோம். காமலாபுரம் போய்ச் சேர, வழியில் ஒரு டீ உட்பட, இரண்டரை மணி நேரம். பெட்டியைப் போடும் கவுன்ட்டரைப் பொதுவாக விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். ஆகவே குடும்பத்தோடு போகிறவர்கள் ஒன்றரை மணி நேரமாவது முன்னால் அங்கே இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இறங்கி, பெட்டி வந்து, வண்டி பிடிக்க முக்கால் மணி. நெடும்பாசேரியிலிருந்து கொச்சி நகருக்குள் போக ஒரு மணி. கூட்டினால் ஏழு மணி நேரம்.

அதே கொச்சிக்குக் காரில் போனால் சேலம், கோவை, பாலக்காடு வழியாகச் சுமார் 440 கிலோமீட்டர். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம். வித்தியாசம் மூன்று மணி நேரம்தான். அந்த மூன்று மணி நேரத்துக்காக ஐந்து பேருக்கு டிக்கெட் எடுத்து, போய் இறங்கியதும் ஊர் சுற்ற வாடகைக் காரும் எடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. மூணாறு என்றால் யோசிக்கவே வேண்டாம். கொச்சியில் இறங்கினாலும் அங்கிருந்து மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம் வண்டியில்தான் போக வேண்டும்.

ஹைதராபாத் என்றால் கணக்கு தலைகீழ். சாலை வழியாக ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டினால் பதினைந்து மணி நேரம் தாண்டும். சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பறந்தால், வீட்டு வாசலிலிருந்து சார்மினார் பக்கத்து ஹோட்டல் வரை எட்டு ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சேலம் விமான நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சேவை வருவதும் நிற்பதும் பழகிப்போன கதை. 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது, பிறகு நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் பெங்களூரு, கொச்சி, சென்னை, ஹைதராபாத் என்று தொடங்கியது. தடங்களும் நேரங்களும் அடிக்கடி மாறும். போன வருடம் பக்கத்து வீட்டார் போன விமானம் இந்த வருடமும் இருக்கும் என்று நம்பி லீவ் போட்டுவிடாதீர்கள். முதலில் டிக்கெட், அப்புறம் லீவ் லெட்டர்.

ஒரு பகலுக்குள் அடங்குமா?

குடும்பச் சுற்றுலாவுக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. காலை ஆறு மணிக்கு வெளிச்சத்தில் கிளம்பி, இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியுமா? முடியும் என்றால் கார். முடியாது என்றால் விமானம் அல்லது ரயில். இரண்டும் தோதுப்படவில்லை என்றால், வழியில் ஓர் இரவு தங்கல்.

நடுவில் காலை டிபன், மதியச் சாப்பாடு, பிள்ளைகளின் வாந்தி, ஆயா சொன்ன பாத்ரூம் எல்லாவற்றையும் கழித்தால், ஒரு பகலில் நிதானமாக ஓட்டக்கூடியது சுமார் 450 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து அந்த வட்டத்துக்குள் என்னென்ன வருகிறது? திருப்பதி, ஊட்டி, கொடைக்கானல், மைசூரு, ராமேஸ்வரம், மூணாறு, கொச்சி. கேட்கும்போதே பத்து வருட லீவுக்குப் போதும் போலிருக்கிறதே! கன்னியாகுமரி வட்டத்தைக் கொஞ்சம் தாண்டும். மதுரையில் ஓர் இரவு தங்கி, மீனாட்சியையும் பார்த்துவிட்டுப் போனால் அதுவும் சுகம்.

கோவா, மும்பை, டெல்லி, ஆக்ரா எல்லாம் வட்டத்துக்கு வெளியே. அந்தமானைக் கேட்கவே வேண்டாம். சென்னையிலிருந்து விமானம், இல்லாவிட்டால் கடலில் மூன்று நாள் கப்பல்.

தலைக்கணக்கு

பணத்தைப் பற்றிப் பேசாமல் குடும்பத்தில் எந்த முடிவும் எடுக்க முடியாது. இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். காரின் செலவு கிலோமீட்டரைப் பார்த்து ஏறும். விமானத்தின் செலவு தலையைப் பார்த்து ஏறும்.

ஹைதராபாத்துக்கே வருவோம். போக வர 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் 107 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் பெட்ரோல் மட்டும் 10,700 ரூபாய். சுங்கக் கட்டணம் தனி. உள்ளே இருப்பது இரண்டு பேரானாலும் ஐந்து பேரானாலும் இதே தொகைதான். விமான டிக்கெட் ஒருவழிக்கு 4,000 ரூபாய் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், கணவன் மனைவிக்குப் போக வர 16,000. ஐந்து பேருக்கு 40,000. இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்கும் தனி சீட், தனி டிக்கெட். விமான நிலையத்துக்கு வண்டி, இறங்கிய ஊரில் வண்டி என்று இரண்டு பக்கமும் கூட்டிக்கொள்ளுங்கள்.

"அப்போ கார்தான் லாபம்" என்று உடனே எழுந்துவிடாதீர்கள். 800 கிலோமீட்டரை ஒழுங்காக, தூங்கி எழுந்து ஓட்டினால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஆறு நாள் லீவில் நான்கு நாள் சாலையிலேயே போய்விடும். வழியில் தங்கும் இரண்டு இரவுக்கு அறை வாடகையும் சேரும். மிச்சப்படுத்திய பணத்துக்குப் பதிலாகக் கொடுத்தது பிள்ளைகளின் நான்கு நாள் லீவு என்பதைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வருடத்தில் நாலைந்து முறை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருட பாஸ் வந்திருக்கிறது. அறிமுக விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை சுங்கச் சாவடியைக் கடப்பது, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான்.

காசை மிச்சம் பிடிக்க, தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் நம் பக்கம் நிறையவே உண்டு. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. அதைவிட முக்கியம், விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். வாடகை என்றால் மஞ்சள் போர்டு வண்டியே எடுங்கள்.

விடியற்காலை விமானம் என்னும் வலை

இதுவரை பேசியது நேரமும் பணமும். எல்லா வீட்டிலும் இவ்வளவோடு பேச்சு முடிந்துவிடும். நான் இந்த வாரம் எழுத வந்ததே இதற்கு அடுத்த விஷயத்தைச் சொல்லத்தான்.

ஆன்லைனில் டிக்கெட் தேடினால் காலை ஆறு மணி விமானத்துக்குத்தான் பல சமயம் விலை குறைவாக இருக்கும். "ஆளுக்கு 900 ரூபாய் மிச்சம்" என்று உடனே பணத்தைக் கட்டிவிடுகிறோம். இப்போது கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஆறு மணிக்குச் சென்னையில் விமானம் என்றால் நாலு மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் இரவு பதினொன்றரைக்குக் கள்ளக்குறிச்சியில் வண்டியை எடுக்க வேண்டும்.

அந்த வண்டியை ஓட்டுவது யார்? பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளை, அல்லது மச்சான், அல்லது தம்பி. அவர் அன்று காலை ஐந்தரைக்கு எழுந்தவர். பகல் முழுக்கக் கடையிலோ ஆபீஸிலோ இருந்தவர். "அக்கா குடும்பத்த ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்துடறேன்" என்று சாவியை எடுக்கிறார். விழித்துப் பதினெட்டு மணி நேரமான உடம்பு அது.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்றது அது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். ஒரு சொட்டு குடிக்காத நம் மச்சான், போதையில் ஓட்டுகிறவரின் நிலையில் மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டையைக் கடக்கிறார்.

அதோடு முடியவில்லை. உங்களை இறக்கிவிட்டு, நீங்கள் உள்ளே போய்க் கண்ணாடி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறீர்கள். அவர் தனியாகத் திரும்பி வருகிறார். பேச்சுத் துணை கிடையாது. இரவு முழுக்க விழித்த உடம்பு, விடியும் நேரம், கண்ணுக்கு நேரே நீண்டு கிடக்கும் நான்குவழிச் சாலை. மனித உடம்புக்குத் தூக்கம் அழுத்தமாக வரும் நேரங்களில் பின்னிரவு இரண்டிலிருந்து விடியும் வரை உள்ள நேரம் முதன்மையானது. வீடு வந்து சேரும்போது காலை ஒன்பது. போக வர 470 கிலோமீட்டர். அத்தனை பேரும் "நல்லபடியா போய்ச் சேர்ந்தோம்" என்று குடும்ப குரூப்பில் மெசேஜ் போடுகிறோம். அவர் வந்து சேர்ந்தாரா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நம் சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையின் கதையும் நமக்குத் தெரியும். சாலை நான்குவழி, ஆனால் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகளை மட்டும் இருவழியாகப் போட்டார்கள். நடுச்சுவர் இருக்கும் நினைப்பில் வேகமாக வருகிற வண்டிக்கு எதிரே, திடீரென்று முகத்துக்கு நேராக ஒரு லாரி விளக்கு வரும். அந்த இடங்களில் எத்தனை குடும்பங்கள் யாரை இழந்தன என்பதை இந்தப் பக்கத்து ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அகலப்படுத்தும் வேலையெல்லாம் பிறகுதான் வந்தது. வேலை நடக்கும் சாலையும் இரவில் ஆபத்தானதுதான்.

விமானம் பத்திரமானது. அதைப் பிடிக்க நாம் ஓடுகிற ஓட்டம் பத்திரமானதா என்பதுதான் விஷயம்.

சட்டம் யாருக்கு ஓய்வு தருகிறது?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பொதுவாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்த விதி.

விமானிகளுக்கு இன்னும் கண்டிப்பு. அவர்களின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தினார்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, நாடு முழுக்க மக்கள் விமான நிலையங்களில் பெட்டியோடு படுத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கும். புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்ப ஆட்களைத் திட்டமிடாததுதான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. எரிச்சலான நாட்கள்தான். ஆனாலும் தூக்கம் இல்லாதவர் விமானத்தை எடுக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

பஸ் டிரைவருக்கு விதி, விமானிக்கு விதி. நம் வீட்டு அப்பாவுக்கும் மச்சானுக்கும் மட்டும் எந்த விதியும் இல்லை. "அவரா? பதினாலு மணி நேரம் அசால்ட்டா ஓட்டுவார்" என்று பெருமை வேறு! வீட்டு டிரைவருக்கு விதி போடுவது வீட்டில் உள்ளவர்கள் வேலை. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே ஓட்டக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். முந்தின இரவு ஏழு மணி நேரம் தூங்காதவர் கையில் சாவி கூடாது. பெட்டி கட்டும் அமளியில் அவரை நள்ளிரவு வரை கடைக்கும் வீட்டுக்கும் அலையவிடாதீர்கள்.

விமானத்தில் போவதென்றால் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குப் பிறகு புறப்படும் விமானமாகப் பாருங்கள். திரும்பும்போது மாலை நாலைந்து மணிக்குள் இறங்குவது போல. அப்படிக் கிடைக்கவில்லையென்றால் முந்தின நாள் பகலிலேயே சென்னை போய், சொந்தக்காரர் வீட்டிலோ சாதாரண லாட்ஜிலோ தங்குங்கள். அந்த அறை வாடகையையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்த்தால், 900 ரூபாய் மிச்சம் என்றது எவ்வளவு பொய் என்று தெரியும். கொண்டுபோய் விடுகிறவர் இருந்தால், அவர் தூங்கி எழுந்து திரும்ப ஒரு படுக்கையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பெரியவர்கள், பிள்ளைகள்

முட்டிவலி உள்ளவர்களுக்குக் காரில் நீண்ட நேரம் மடக்கி உட்காருவது சிரமம். விமான நிலையத்தில் நடை அதிகம், ஆனால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைத்துக்கொள்ளலாம். கூச்சப்பட வேண்டியதே இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், கீழே போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. காரில் போனால், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. புளிசாதம், முறுக்கு, ஊறுகாய் பாட்டில் என்று கிளம்புகிற நம் குடும்பங்களுக்கு இது பெரிய கட்டுப்பாடு. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

காரில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர் ஏறி, இரண்டு குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். மடியில் இருக்கும் குழந்தைக்கு எந்த பெல்ட்? ஏழு பேர் என்றால் பெரிய வண்டி எடுங்கள், அல்லது ரயில் பாருங்கள்.

ரயிலை நாம் கொஞ்சம் மறந்தே போகிறோம். சின்னசேலத்தில் ஏறினால் சேலம் - எழும்பூர் இரவு ரயில் காலையில் சென்னையில் இறக்கிவிடும். யாரும் ஓட்ட வேண்டாம், எல்லோரும் கால் நீட்டிப் படுக்கலாம், ஆயாவின் பாத்ரூமும் கூடவே வருகிறது! மதியம் சென்னையில் விமானம் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் புதிய பாதைக்காக நம் ஊர் இத்தனை வருடம் காத்திருப்பதும் இதனால்தான்.

விமானமே போகாத இடம், வீட்டுக்குப் பின்னால்

கடைசியாக ஒன்று. கள்ளக்குறிச்சியில் மொட்டை மாடி ஏறி மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரிகிறதே, கல்வராயன் மலை, அங்கே குடும்பத்தோடு போய் எத்தனை நாளாயிற்று? கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. மேகம் அருவி, பெரியார் அருவி. சேலம் பக்கமாக ஏறினால் கருமந்துறை, அங்கே அரசின் தோட்டக்கலைப் பண்ணை. உயரம் இரண்டாயிரம் அடியிலிருந்து நாலாயிரம் அடி வரை. ஊட்டிக் கூட்டமோ ஊட்டி வாடகையோ இங்கே இல்லை.

சென்னை, பெங்களூரு வாசகர்களுக்கும் சொல்கிறேன். சேலம் வரை பறந்து வந்தாலும் அங்கிருந்து மலைக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் வண்டிதான். ஆகவே இதற்குக் கார்தான் சரி, அல்லது கள்ளக்குறிச்சி வரை பஸ், அங்கிருந்து மலைக்குப் போகும் அரசு பஸ். அருவிகளுக்கு மழைக்குப் பிந்தைய மாதங்கள் நல்லது. கோடையில் தண்ணீர் இல்லாமல் ஏமாறாதீர்கள். அடிவாரத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைக் கீழேயே சொல்லிவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது நியூட்ரலில் விடாமல் இரண்டாவது கியரில் வாருங்கள். மாலை நாலரைக்குள் இறக்கத்தைத் தொடங்கிவிடுங்கள்.

மேலே வாழும் மலையாளி பழங்குடி மக்களையும் நினைத்துக்கொள்வது நல்லது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. சாலை வந்ததெல்லாம் பிறகு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதும் சாலை, பஸ் வசதி பற்றிய பேச்சு வந்தது. நமக்குச் சாலை என்பது லீவுக்குப் போகும் வழி. அவர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. அவர்கள் விளைவித்த சாமையும் தேனும் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கீழே கொண்டுவாருங்கள்.

முடிவெடுக்க நாலு கேள்வி

இந்த வாரம் வீட்டில் பேச்சு வந்தால் இந்த வரிசையில் கேளுங்கள். ஒன்று, ஒரு பகலுக்குள் போய்ச் சேர முடியுமா? இரண்டு, எத்தனை தலை, எத்தனை நாள் லீவு? மூன்று, இருப்பதிலேயே வயதானவருக்கும் சின்னவருக்கும் எது தோது? நாலு, ஓட்டுகிறவர் எப்போது தூங்குவார்?

முதல் மூன்றுக்கும் கார் என்று வந்தாலும் விமானம் என்று வந்தாலும், நாலாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். தேதியை மாற்றலாம், டிக்கெட்டை மாற்றலாம், ஊரைக்கூட மாற்றலாம். உங்களை வழியனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்புகிற மச்சானுக்கு, விமானம் ஏறும் முன் ஒரு போன் போடுங்கள். "கிளம்பிடாத, கார்லயே ரெண்டு மணி நேரம் படுத்துத் தூங்கிட்டுப் போ, மச்சான்" என்று.